வடிகட்டி பாடும்போது

சிந்தசைசரைத் திறந்து பார்த்தால் அடிப்படையில் இரண்டு வேலைகள்தான். ஒன்று ஒலியை உண்டாக்குவது, இன்னொன்று அதைக் குறைப்பது. உண்டாக்குவது ஆசிலேட்டர். ரம்பம் போட்ட மாதிரி கரகரவென்று, மேற்சுரங்கள் நிறைந்த ஒரு சத்தத்தை அது ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். குறைப்பது ஃபில்டர். வந்ததில் ஒரு எல்லைக்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டு மிச்சத்தை வெளியே விடும். அந்த எல்லைக்குப் பெயர் கட்ஆஃப். டீ வடிகட்டிக்கு டீ போடத் தெரியாது. ஃபில்டருக்கும் ஒலியெழுப்பத் தெரியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் ஃபில்டரின் முகப்பில் ‘ரெசனன்ஸ்’ என்று ஒரு குமிழ் இருக்கும். பல ஃபில்டர்களில் அதைக் கடைசிவரை திருகிவிட்டு, உள்ளே ஒலி கொண்டுவரும் வயரைப் பிடுங்கிப் போட்டாலும் சத்தம் நிற்காது. எதுவுமே உள்ளே போகாத வடிகட்டியிலிருந்து தெளிவான, விசில் மாதிரியான ஒரு ஒற்றைச் சுரம் வரும். கட்ஆஃப் குமிழைத் திருகினால் சுரம் ஏறும், இறங்கும். கொஞ்சம் மெனக்கெட்டால் கீபோர்டோடு சேர்த்து அதில் மெட்டே வாசிக்கலாம். அந்த மெனக்கெடலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இதற்குள் இன்னொரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அது எழுதுகிறவர்களின் கேள்வி.

எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ‘தனிக்குரல்’ என்ற சொல் வராமல் பேச்சு முடியாது. இவர் தன் குரலைக் கண்டடைந்துவிட்டார், அவர் இன்னும் கண்டடையவில்லை. ஏதோ பரணில் போட்டு வைத்த பித்தளைப் பாத்திரம் மாதிரி, தேடினால் கிடைத்துவிடும் என்பதுபோலவே பேசுகிறோம். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் கவிதை எழுதுகிறான். இருபத்தாறு வயது. இரண்டு வருடமாக அவன் யாருடைய கவிதையையும் வாசிப்பதில்லை. சோம்பல் இல்லை, அது ஒரு விரதம். காரணம் கேட்டேன்.

“அண்ணா, ஒருத்தரைப் படிச்சா அந்த மாசம் முழுக்க அவர்தான் என் கையைப் புடிச்சு எழுதறாரு. எல்லாரையும் நிறுத்திட்டா, மிச்சம் இருக்கறது நானாத்தானே இருக்கணும்?”

சிரித்துவிட்டுப் போகக்கூடிய வாதம் இல்லை இது. கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது நான். பல துறவு மரபுகளே ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் வயரைப் பிடுங்கிய பிறகும் பாடுகிற ஒரு பொருள் என் மேசைமேல் இருந்தது. அவன் சொன்னதை அதனிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

*

ரெசனன்ஸ் குமிழ் செய்வது என்ன என்று புரிந்துகொள்ள ஒரு கல்யாண மண்டபம் போதும். பேச வந்தவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் நடந்தால் ‘கூ’வென்று ஒரு ஊளை கிளம்பும். மைக்செட்காரர் எங்கிருந்தோ ஓடிவந்து வால்யூமைக் குறைப்பார். ஸ்பீக்கரில் வந்த சத்தம் மைக்குக்குள் போய், பெருத்து, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்குக்குள் போகிறது. அந்த ஊளை யார் குரலும் இல்லை. மைக் தன்னையே கேட்டுக்கொள்ளும் சத்தம்.

ஃபில்டரிலும் இதுவேதான். வெளியே போகிற ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடுவதுதான் ரெசனன்ஸ். ராபர்ட் மோக் 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-ல் பெற்ற ‘ஏணி’ ஃபில்டரைத்தான் நான் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். (ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் ‘மூக்’ என்று படிப்போம். அவர் வீட்டில் ‘மோக்’ என்றுதான் சொன்னார்கள். மூக்குக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.) டிரான்சிஸ்டர்களை ஜோடி ஜோடியாக ஏணிப்படி மாதிரி அடுக்கி, படிக்கு ஒரு கெபாசிட்டர் வீதம் நான்கு படிகள். கட்ஆஃப் அதிர்வெண்ணில் உள்ள அலை ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு பின்தங்கும். நான்கு படி தாண்டினால் அரைச் சுற்று. அதைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்பினால் புதிதாக வரும் அலையோடு சரியாகக் கால் சேர்ந்துவிடும். ஒவ்வொரு படியிலும் அலையின் உயரம் சுமார் 0.7 மடங்காகக் குறையும். நான்காவது படியைத் தாண்டும்போது மிஞ்சுவது சரியாக நாலில் ஒரு பங்கு. அதனால் திரும்பி வருவதை நான்கு மடங்கு பெருக்கிக் கொடுத்தால் போதும், இழந்ததெல்லாம் ஈடாகிவிடும். சுற்றி வருவது சாகாது. அந்த ஒரே ஒரு அதிர்வெண் மட்டும் தன்னைத்தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். திரும்பி வருவதைப் பெருக்குகிறோம், சரி. முதல் சுற்றில் திரும்பி வர என்ன இருக்கிறது? வயரைத்தான் பிடுங்கியாயிற்றே. சுழியத்தை நாலால் பெருக்கினால் சுழியம்தான்.

என் பிழைப்பு மென்பொருள் என்பதால் இதை கோடாக எழுதிப் பார்த்தேன். நான்கு படி, நான்கு மடங்குக்குக் கொஞ்சம் மேலே திருப்பல், எல்லா மாறிகளும் சுழியத்தில் தொடக்கம். ஓட்டினால் நிசப்தம். பத்து நிமிடம் ஓட்டினாலும் நிசப்தம். கணினிக்குள் இருக்கும் ஃபில்டர் தானாகப் பாடாது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, தசமப் புள்ளிக்குப் பிறகு பல சுழியங்கள் தள்ளி, ஒரு துளி இரைச்சலைப் போட்ட பிறகுதான் விசில் கிளம்பியது. அப்படி ஒரு துளியைப் போட்டு வைப்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழக்கமான வேலைதான்.

மேசைமேல் இருக்கும் நிஜ ஃபில்டருக்கு அந்தத் துளியை யாரும் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் சும்மாவே குதித்துக்கொண்டிருக்கின்றன. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் கணக்குப் போட்டு, 1928-ல் வெளியிட்ட விஷயம் இது. அறையின் சூடு இருக்கும்வரை அந்த இரைச்சல் இருக்கும். எல்லா அதிர்வெண்களும் கலந்த அந்த முணுமுணுப்பிலிருந்து தனக்கு ஏற்ற ஒன்றைப் பிடித்து ஃபில்டர் வளர்க்கிறது. ஆக, ‘தன்’ குரலின் முதல் துளி ஃபில்டருடையது இல்லை, அறையினுடையது. புத்தகத்தை மூடி வைத்த என் தம்பிக்குள்ளும் பஸ் சத்தம், பாட்டி சொன்ன வசவு, பத்தாம் வகுப்புச் செய்யுள் பகுதி, யாரோ போட்ட ஸ்டேட்டஸ் என்று முணுமுணுப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் எதை அவன் பெருக்குகிறான் என்பது மட்டும்தான் கேள்வி. வாசிப்பை நிறுத்தினால் அந்த முணுமுணுப்பு நிற்காது. அதில் தேர்ந்தெடுக்க இருப்பது குறையும், அவ்வளவே.

நம் பழைய இலக்கணக்காரர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். நூல்களை அவர்கள் முதல்நூல், வழிநூல் என்று பிரித்தார்கள். ஒரு நூலுக்கும் வேறு நூல்களுக்கும் என்ன உறவு என்பதைத்தான் முதலில் கேட்டார்கள். முதல்நூல் செய்யும் தகுதியைத் தொல்காப்பியத்தின் மரபியல் கொடுப்பது வினைகளின் பிடியிலிருந்து விடுபட்ட ஒருவனுக்கு மட்டும். அதாவது நம்மில் யாருக்கும் இல்லை. மற்றவர்கள் வழிநூல் செய்து கண்ணியமாக வாழலாம். நவீன இலக்கியம் வந்த பிறகுதான் ஆளாளுக்கு முதல்நூல் எழுதியாக வேண்டும் என்ற பதற்றம் பிடித்துக்கொண்டது.

*

இன்னொரு கணக்கும் உண்டு. இது எனக்குக் கொஞ்சம் சங்கடம் தந்த கணக்கு. ஏணி ஃபில்டரில் ரெசனன்ஸைக் கூட்டக் கூட்ட, உள்ளே விடும் ஒலியின் அடிப்பகுதி, அந்தக் கனமான பேஸ், இளைத்துக்கொண்டே போகும். திருப்பல் நான்கு மடங்கை எட்டும் இடத்தில், அதாவது ஃபில்டர் தானாகப் பாடத் தொடங்கும் வாசலில், கீழ் அதிர்வெண்கள் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தன்னைக் கேட்பது கூடினால் மற்றவரைக் கேட்பது குறையும் என்று யாராவது சொன்னால் உபதேசம் என்று ஒதுக்கிவிடுவேன். இங்கே அது ஒரு எளிய வகுத்தல். ஒன்றின் கீழ் ஒன்று கூட்டல் நான்கு.

எங்கள் தொழிலில் ‘கோட் ரிவ்யூ’ என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, வெட்டி, திருத்தி அனுப்புவது. கிட்டத்தட்ட ஃபில்டர் வேலை. நல்ல ரிவ்யூவர்களும் உண்டு, ரெசனன்ஸ் ஏறிப்போனவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் கையிலிருந்து எது வெளியே வந்தாலும் அவர்கள் எழுதிய மாதிரியேதான் இருக்கும். எழுதிய பையன் என்ன யோசித்தான் என்ற அடிநாதம் காணாமல் போயிருக்கும். அவர்களை எல்லாரும் ‘ரொம்ப ஸ்ட்ராங்கான ஆளு’ என்பார்கள். இலக்கியப் பத்திரிகைகளின் எடிட்டர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது, அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

*

விசில் அடிக்கிறது, சரி. மெட்டு எப்படி?

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் வெளியே வருவது சுரம் இல்லை, வோல்டேஜ். ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும் என்பது பழைய மோக் கருவிகளிலிருந்து வந்த வழக்கம். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை என்றால் கட்டைக்கு சுமார் 83 மில்லிவோல்ட். ஆசிலேட்டர்கள் இதை ஒழுங்காகப் பின்பற்றும், அதற்காகவே செய்யப்பட்டவை. ஃபில்டருக்கு இந்த ஒழுங்கு அவ்வளவு தேவையில்லை. மேலே வாசிக்கும்போது ஒலி மந்தமாகிவிடாமல் இருக்க கட்ஆஃபும் கூடவே கொஞ்சம் ஏறினால் போதும். 1970-ல் வந்த மினிமோகில் இதற்கு இரண்டு சுவிட்சுகள் இருந்தன. ஒன்று போட்டால் கீபோர்டை மூன்றில் ஒரு பங்கு பின்தொடரும், இன்னொன்று மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் போட்டால் முழுசாக. அந்த முழுப் பின்தொடரலில்தான் பாடும் ஃபில்டரை ஒரு வாத்தியமாக வாசிக்க முடியும். பிரகாசத்துக்காக வைத்த வசதி மெட்டுக்குப் பயன்பட்டது.

என்னிடம் இருப்பது கிட்டாக வாங்கி நானே சால்டர் செய்த ஏணி மாட்யூல். அதன் பின்பக்கம் நீல நிறத்தில் ஒரு டிரிம்பாட் இருக்கிறது, சின்ன ஸ்க்ரூடிரைவரால் பல சுற்று திருகக்கூடியது. வேலை இப்படிப் போகும். ஆசிலேட்டர் ஒன்றைச் சரியான சுருதியில் ஓடவிட்டு அளவுகோலாக வைத்துக்கொள்வேன். ஃபில்டரைப் பாடவிட்டு, கீழ்க் கட்டையை அழுத்தி, கட்ஆஃப் குமிழால் இரண்டையும் சேர்ப்பேன். 440 சுற்றும் 442 சுற்றும் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி விம்மித் தணியும். பள்ளி இயற்பியலில் ‘விம்மல்கள்’ என்று படித்திருப்போம். அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, நல்ல காது உள்ளவர். விம்மல் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர் பிரடையைத் திருகிக்கொண்டே கேட்பதும் இதைத்தான். பிறகு மூன்று ஸ்தாயி மேலே போய் அதே கட்டை. அங்கே சேராது. டிரிம்பாட்டைத் திருகிச் சேர்ப்பேன். திரும்பக் கீழே வந்தால் கீழே கலைந்திருக்கும். மேலே, கீழே, மேலே, கீழே. ஒரு ஏழெட்டு முறை போய்வந்தால் இரண்டு முனையும் ஒருவழியாக உட்காரும். அப்போது நடுவில் உள்ள கட்டைகள் அரை மயிரிழை விலகியிருக்கும். அதற்கு மேலே ஒரு ஸ்தாயி போனால் ஃபில்டர் மூச்சு வாங்கி, இறங்கியே பாடும்.

எங்கே சரியாக இருப்பது, எங்கே தவறை ஒதுக்கி வைப்பது என்று முடிவு செய்வதைத்தான் சுருதி சேர்ப்பது என்கிறோம். கீபோர்டின் சுருதியே அப்படி ஒரு ஒப்பந்தம்தானே. சுத்தமான பஞ்சமத்துக்கும் கீபோர்டு பஞ்சமத்துக்கும் 2 சென்ட் வித்தியாசம். அந்தர காந்தாரத்தில் 14 சென்ட். (நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு அரைச்சுரம்.) எல்லாக் கட்டையிலிருந்தும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காக எல்லாக் கட்டையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கின்றன.

இவ்வளவும் செய்து முடித்தால் அறையின் வெப்பம் மாறும். வோல்டேஜைச் சுரமாக மாற்றித் தருவது ஒரு டிரான்சிஸ்டரின் இயல்பு. அறை வெப்பத்தில் அதன் வாயிலில் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். அந்த 18 என்பது நிலையான எண் இல்லை. ஒரு டிகிரி ஏறினால் 300-ல் ஒரு பங்கு கூடும். 300-ல் ஒரு பங்கு என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். மூன்று ஸ்தாயி என்பது 3600 சென்ட். டிகிரிக்கு 12 சென்ட் சுருங்கிவிடும். ஏசி நின்று ஐந்து டிகிரி ஏறினால் 60 சென்ட், அரைச்சுரத்தில் பாதிக்கு மேல். இதை ஈடுகட்ட வெப்பத்துக்கேற்ப மாறும் ஒரு விசேஷ ரெசிஸ்டர் போடுவார்கள். என் கிட் மலிவு, அதில் அது கிடையாது. அதனால் கரண்ட் போனால் என் ஃபில்டருக்குக் காந்தாரம் மறந்துவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அளவுகோலாக வைத்த ஆசிலேட்டரின் ஒலி தப்பித்தவறி ஃபில்டருக்குள் கொஞ்சம் கசிந்தாலும் போதும், இரண்டும் நெருங்கும்போது விம்மல் மெதுவாகாமல் சட்டென்று நின்றுவிடும். ஃபில்டர் தன் சுரத்தை விட்டுவிட்டு அதன் சுரத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். சேர்ந்துவிட்டது என்று நினைப்போம், கசிவை நிறுத்தினால் பழையபடி விலகி நிற்கும். ஒரே சட்டத்தில் தொங்கவிட்ட இரண்டு ஊசல் கடிகாரங்கள் கால் சேர்ந்து ஆடுவதை 1665-ல் ஹைகென்ஸ் கவனித்தாரே, அதே சங்கதி. தம்பியின் பயம் வெறும் பயமில்லை என்பதற்கு இது சாட்சி. மெல்லிய குரலைப் பலமான குரல் இழுக்கும். ஆனால் எது இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்துச் சுரம்தான் இழுக்கிறது. இசைவே இல்லாத தூரத்துச் சுரம் எவ்வளவு பலமாக வந்தாலும் அப்படி ஒட்டிக்கொள்வதில்லை. தன்னைப்போலவே எழுதும் ஒருவரை வாசித்தால் ஆபத்து, தனக்குச் சம்பந்தமே இல்லாதவரை வாசித்தால் அந்த ஆபத்து குறைவு. விரதம் இருக்க வேண்டுமென்றால் அந்த ஒரு வகைக்கு மட்டும் இருந்திருக்கலாம்.

*

முதல் துளி அறையினுடையது. எந்தச் சுரம் என்பது கீபோர்டினுடையது. சுரங்களின் இடைவெளி ஊர் ஒப்பந்தம். ஓடுவதற்கான கரண்ட் சுவரிலிருந்து. அப்படியானால் ஃபில்டருடையது என்ன?

ஒன்று இருக்கிறது. திரும்பி வருவதை நான்கு மடங்குக்கு மேல் பெருக்கினால் கணக்குப்படி ஒலி முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போக வேண்டும். போவதில்லை. ஒரு கட்டத்துக்குமேல் டிரான்சிஸ்டர்களால் முடிவதில்லை. அலை பெரிதாகப் பெரிதாக அவை விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கின்றன. அலையின் தலை கொஞ்சம் அமுங்குகிறது. எங்கே அமுங்குகிறது, எவ்வளவு மெதுவாக, எந்தப் பக்கம் கூடுதலாக என்பது ஒவ்வொரு வடிவமைப்புக்கும் வேறு. ஏணியின் டிரான்சிஸ்டர்கள் ஒரு மாதிரி, டையோடுகள் வேறு மாதிரி. கச்சிதமான காகிதச் சமன்பாட்டில் நான்கு படி ஃபில்டர்கள் பெரும்பாலும் ஒன்றுதான். எங்கே முடியாமல் போகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. ஆட்கள் ஒரு ஃபில்டரைக் கேட்டதும் ‘இது மோக்’ என்று சொல்வது அதன் இயலாமையை அடையாளம் கண்டுதான்.

ஆனால் அந்த இயலாமை எப்போது காதில் விழுகிறது? இதைச் சோதித்துப் பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஏணி மாட்யூலுக்குப் பக்கத்தில் இன்னொரு நான்கு படி ஃபில்டர், உள்ளே ஏணிக்குப் பதில் சிப் வைத்தது. இரண்டையும் வயர் இல்லாமல் பாடவிட்டு ஒரே சுரத்தில் சேர்த்து, அவனைத் திரும்பி உட்காரச் சொல்லி, மாற்றி மாற்றிக் கேட்கவிட்டேன். பத்து முறை. பாதிக்குப் பாதி தப்பு. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும். பிறகு ஆசிலேட்டரின் அந்த ரம்பச் சத்தத்தை இரண்டுக்குள்ளும் பலமாக விட்டு, ரெசனன்ஸைப் பாதியில் வைத்து, கட்ஆஃபை மெதுவாகத் திருகினேன். இரண்டாவது முறையே கண்டுபிடித்துவிட்டான். அதன்பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை.

தனியாக விட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சைன் அலை. மேற்சுரமே இல்லாத, இருப்பதிலேயே தூய்மையான, இருப்பதிலேயே ஏழையான ஒலி. யாரும் இல்லாதபோது எழும் குரல்தான் தனிக்குரல் என்று பார்த்தால், அங்கேதான் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. வெளியிலிருந்து ஒரு முரட்டுச் சத்தத்தை உள்ளே ஊற்றும்போது, அதைத் தாங்க முடியாமல் எப்படி வளைகிறது என்பதில்தான் ஒவ்வொன்றின் முகமும் தெரிகிறது. (எல்லா ஃபில்டரும் இப்படியில்லை. கோர்க் எம்எஸ்-20 மாதிரி சில, தனியாக விட்டாலும் கோணலாகவே ஊளையிடும். மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. அவர்களை வைத்து விதி செய்ய முடியாது.)

தம்பி சும்மா ஒத்துக்கொள்கிறவன் இல்லை. “அப்ப ஒண்ணுமே உள்ள விடாம யாரும் நல்ல மியூசிக் பண்ணதே இல்லையாண்ணா?” என்றான்.

பண்ணியிருக்கிறார்கள். தொஷிமாரு நகமுரா என்ற ஜப்பானியர் மிக்சரின் வெளிவாயை அதன் உள்வாயிலேயே செருகி, வெளி ஒலி எதுவும் இல்லாமல் பல வருடங்களாக வாசித்துவருகிறார். அவருக்கு முன்னால் டேவிட் டியூடர். 1972-ல் அவர் செய்த ‘அன்டைட்டில்டு’ முழுக்க முழுக்கத் தன்னையே கேட்டுக்கொள்ளும் சர்க்யூட்டுகளால் ஆனது. ஆனால் ஒற்றை வளையம் இல்லை அது. ஏகப்பட்ட கருவிகளை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, ஒவ்வொன்றும் மற்றவற்றைக் கேட்கும்படி விட்டுவிட்ட ஒரு சந்தைக்கடை. எது எதைத் தொந்தரவு செய்யும் என்று அவருக்கே முழுதாகத் தெரியாது. தனிமை என்று அதைச் சொல்ல முடியுமா?

டியூடரைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொன்னேன். பியானோக்காரராக அவர் பல வருடங்கள் வாசித்தது மற்றவர்கள் எழுதிய இசையைத்தான். ஜான் கேஜின் நிசப்த இசைத்துண்டை 1952-ல் முதன்முதலாக மேடையில் ‘வாசித்தவர்’ அவரே. கேஜுக்கு நாற்பதுகளில் இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்த கீதா சாராபாயின் ஊர் அகமதாபாத். அங்கே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் ஒரு மோக் சிந்தசைசரை நிறுவிக் கொடுக்க வந்தவரும் இதே டியூடர்தான். கீதா சாராபாய் உட்பட சிலர் அதில் செய்த பதிவுகள் நாடாக்களாகவே கிடந்து, 2023-ல்தான் ஆல்பமாக வெளிவந்தன. மற்றவர் குரல்களை இவ்வளவு வருடம் தன் வழியாக விட்ட ஒருவர் கடைசியில் வயரைப் பிடுங்கியதும், எடுத்த எடுப்பிலேயே ஒருவன் பிடுங்குவதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

ரோலண்டின் டிபி-303 கதையையும் சொல்லியிருக்கலாம், நேரமாகிவிட்டது. பேஸ் கிடாருக்கு மாற்றாக வந்து, விற்காமல் 1984-ல் நிறுத்தப்பட்ட பெட்டி. அதன் ஃபில்டர் முழுதாகப் பாடவே பாடாது, பாடுவதற்கு ஒரு முழம் முன்னால் நின்று துடிக்கும். அந்தத் துடிப்பை வைத்துத்தான் 1987-ல் சிகாகோ பையன்கள் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வெளியிட்டார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1982-ல், பம்பாயில் சரண்ஜித் சிங் அதே பெட்டியையும் சேர்த்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு வாசித்து ரெக்கார்டு போட்டிருந்தார். ராகம் அவருடையதில்லை, டிஸ்கோவும் இல்லை, பெட்டி ஜப்பான்காரருடையது. கேட்டால் இன்னொருவர் செய்த மாதிரி ஒரு நொடிகூடத் தோன்றாது.

“சரிண்ணா, எதையாவது உள்ள விட்டுத்தான் ஆகணும்னே வெச்சுக்கலாம். எதை, எவ்வளவுங்கறது என் கையிலதானே?” என்றான்.

“வேற யாரு கையில?”

“அப்புறம் இந்த விசிலுக்கும் ஒரு சுகம் இருக்கு. அதைச் சும்மா ஏழைன்னு சொல்லிட்டுப் போக முடியாது.”

அதை நான் மறுக்கவில்லை. சைன் அலையை ஏழை என்று சொன்னது அதன் மேற்சுரங்களை எண்ணிப் பார்த்துத்தான். கேட்க நன்றாக இருக்கிறதா என்பது வேறு கணக்கு. வயரை மறுபடி பிடுங்கிவிட்டு, கீபோர்டை அவன் பக்கம் திருப்பினேன். வாசிக்கத் தெரியாதவன், ஒரு விரலால் தடவித் தடவி ஐந்து சுரத்தில் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்து அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். இடையில் ஏசியை அணைத்திருந்தோம், அறை புழுங்கிப்போயிருந்தது. மேல்ஸ்தாயியில் கடைசிச் சுரம் இறங்கத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன். “இருங்கண்ணா, அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவன் அந்தக் கடைசிச் சுரத்திலேயே விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.